பிரைமர் பின்னால் கரி துப்புகிறதா?
வாசகர் கேள்வி – பதில்

குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கி என்றதும் நமக்கு நினைவு வருவது நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கிதான். அமெரிக்க மான் வேட்டைக் காடுகளில் இன்று புழங்குவது அதன் தூரத்து உறவு. 1985இல் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85க்குப் பிறகு, தீ பக்கவாட்டிலிருந்து வராமல் குழலுக்கு நேர் பின்னாலிருந்து வரும் 'இன்லைன்' வகை பரவியது. தீ மூட்ட முதலில் 11ஆம் எண் கேப்பு. பிறகு ஷாட்கன் தோட்டாவுக்கான 209 பிரைமர், அதாவது முள் அடித்ததும் தீ கக்கும் சிறு உலோகக் கிண்ணம். இந்த 209 வந்ததோடு ஒரு தலைவலியும் சேர்ந்து வந்தது. சுடும்போது வாயு பின்பக்கமாகப் பீறிட்டு, துப்பாக்கியின் பொறியிலும் ஸ்கோப்பிலும் சில சமயம் சுடுபவர் முகத்திலும் கரி அடிக்கிறது. அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் அனுப்பியவற்றில் இந்தப் புகாரைச் சுற்றியவற்றையும், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கேள்வியையும் மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

பதில்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள்: குழலின் பின்வாயை அடைக்கும் திருகு மூடி பிரீச் பிளக். அதன் பின்புறம் பிரைமர் உட்காரும் இடம் பிரைமர் குழி. அங்கிருந்து முன்னே போகும் பாதை தீக்குழாய், அதில் மிகக் குறுகிய இடம் தீத்துளை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் 'தௌ' என்று எழுதியிருக்கிறோம். ஒரு தௌ என்றால் 0.025 மில்லிமீட்டர்.

கேள்வி: என்னுடையது .50 காலிபர், மடக்கித் திறக்கும் வகை. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் ஸ்கோப்பின் அடிப்பக்கம் கறுத்துவிடுகிறது. வெடித்த பிரைமரை இடுக்கி இல்லாமல் உருவ முடியவில்லை. "இந்த வகையில் இது சகஜம்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அப்படியே விட்டுவிடலாமா? (ஓஹாயோ)

பிரைமரின் விளிம்பைச் சுற்றி லேசான சாம்பல் நிறக் கறை இருந்தால் சகஜம். ஸ்கோப் கறுப்பதும் பிரைமர் சிக்குவதும் சகஜமல்ல.

காரணம் புரிய, 209 எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஷாட்கன் தோட்டாவின் அடிப்பகுதியில் அது இறுக்கமாக அடித்து ஏற்றப்படுகிறது. தோட்டா வெடித்ததும் அதன் உறை விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், வாயு பின்னால் வர வழி இருக்காது. உங்கள் துப்பாக்கியில் தோட்டா உறையே கிடையாது. பிரைமரை விரலால் குழிக்குள் நுழைக்கிறீர்கள். அதைத் தாங்கிப் பிடிப்பது பிரீச் முகம், அதாவது துப்பாக்கியை மூடியதும் பிரைமருக்குப் பின்னால் வந்து நிற்கும் உலோகப் பரப்பு மட்டுமே. அழுத்தமும் வேறு. சாதாரண 12 கேஜ் தோட்டாவுக்கு அமெரிக்காவில் வகுத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. கனமான குண்டும் நிறைய மருந்தும் கெட்டித்த வாய்வழித் துப்பாக்கியில் அழுத்தம் அதன் இரு மடங்கை நெருங்கவும் தாண்டவும் செய்யும். தீத்துளை வழியாக அதில் ஒரு பகுதி பின்னால் திரும்பி வந்து பிரைமரை உதைக்கிறது.

பிரைமருக்கும் பிரீச் முகத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால், உதை வாங்கிய பிரைமர் அந்த அளவுக்குப் பின்னால் நகரும். நகர்ந்ததும் அதன் வாய்ப்பகுதி குழியின் இறுக்கமான இடத்தை விட்டு விலகும். அந்த வழியே வாயு பீறும். பிரைமரின் மெல்லிய உறை விரிந்து சுவரில் ஒட்டிக்கொள்வதால்தான் இடுக்கி தேவைப்படுகிறது.

ஸ்கோப்பைத் துடைத்தால் போகிற விஷயம் இல்லை இது. பைரோடெக்ஸ் போன்ற மருந்துகளின் கரியில் உப்பு இருக்கிறது, ஈரத்தை இழுக்கும். சுத்தியல் அடிக்கும் முள், அதன் ஸ்பிரிங், அது வெளியே வரும் சிறு துளை எல்லாவற்றிலும் புகுந்து துருவாக்கும். ஒரு சீசன் கவனிக்காமல் விட்டால் அடி பலவீனமாகி, "பிரைமர் வெடிக்கவே இல்லை" என்ற அடுத்த புகார் தொடங்கும்.

கேள்வி: கசிவு எந்த வழியாக வருகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (மிச்சிகன்)

பெரும்பாலும் முடியும். இதைச் செய்யாமல் பிரைமரை மாற்றுவது, மருந்தை மாற்றுவது, கடைசியில் துப்பாக்கியையே மாற்றுவது என்று இறங்குவதுதான் வீண் செலவு.

முதலில் கரி எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். பிரைமரை உருவி அதன் பக்கச் சுவரைக் கவனியுங்கள். முன்வாய் ஓரத்தில் மட்டும் கறுத்து, நடுப்பகுதி பளபளவென்று இருந்தால் அடைப்பு வேலை செய்கிறது. நீளம் முழுக்கக் கறுத்திருந்தால் வாயு பிரைமரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பிரைமரின் நடுவில், முள் அடித்த பள்ளத்தில் ஊசித்துளை தெரிந்தால் அது வேறு நோய்: முள் அளவுக்கு மீறி நீண்டிருக்கலாம், முனை கூராகத் தேய்ந்திருக்கலாம், அழுத்தம் அதிகமாக இருக்கலாம். அந்தத் துப்பாக்கியைத் துப்பாக்கிச் சீரமைப்பவர் பார்க்கும்வரை சுட வேண்டாம். பிளக்கின் திருகுமரையில் கரி இருந்தால், முன்னால் பிளக் உட்காரும் தோள் சரியாக மூடவில்லை என்று பொருள். அது பிரைமர் கசிவே அல்ல.

அடுத்து, குழலில் மருந்தும் குண்டும் இல்லை என்பதைக் கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு உறுதி செய்துகொண்டு, சுடுதளத்தில் பிரைமரை மட்டும் போட்டுச் சுடுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் அப்போதும் வேண்டும். பிரைமர் மட்டும் வெடித்தபோதே பின்னால் கரி வளையம் விழுந்தால் பிரைமர் குழியில் தளர்வாக உட்காருகிறது. பிரைமர் மட்டும் சுத்தமாக வெடித்து, மருந்து கெட்டித்துச் சுடும்போது மட்டும் பீறினால் சந்தேகம் தீத்துளை மீது விழ வேண்டும்.

மூன்றாவது இடைவெளி சோதனை. இதற்குச் சாதாரண ஒட்டும் டேப் போதும். ஓர் அடுக்கின் கனம் சுமார் 2 தௌ. பிரைமர் குழியையும் பிரீச் முகத்தையும் துடைத்துவிடுங்கள். வெடித்து முடிந்த பிரைமர் ஒன்றை எடுத்து, அதன் நீளத்தையும் விளிம்பின் கனத்தையும் காலிப்பரால் அளந்து, பெட்டியிலுள்ள புதியதோடு ஒப்பிடுங்கள். புடைத்ததும் நசுங்கியதும் வேண்டாம். அளவு ஒத்துப்போகும் ஒன்றைத் தேர்ந்து குழியில் வைத்து, பின்தலையில் விளிம்பளவுக்கு வெட்டிய டேப்பை ஒட்டித் துப்பாக்கியை மெல்ல மூடுங்கள்.

ஓர் அடுக்குடன் லேசாக உரசி மூடி, இரண்டாவதில் மறுத்தால் உங்கள் துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது. மூன்று நான்கு அடுக்கு, அதாவது 6 முதல் 8 தௌ வரை வைத்தும் எதிர்ப்பே இல்லாமல் மூடினால் தேடிய ஓட்டை கிடைத்துவிட்டது. டேப்பே இல்லாமல் மூடக் கஷ்டப்பட்டால் அது எதிர்த் திசைக் கோளாறு.

இந்தச் சோதனையைப் புதிய பிரைமரை வைத்துச் செய்யாதீர்கள். நசுக்கினால் வெடிக்கும். எண்ணெயில் ஊறவைத்தால் பிரைமர் செத்துவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். ஊறிய பிரைமர் வெடித்ததுண்டு.

கேள்வி: டேப் சோதனையில் 7 தௌ வந்தது. இனி என்ன செய்வது? ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே? (விஸ்கான்சின்)

முதலில் பிளக் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, கீல் ஊசி ஆடுகிறதா என்று பாருங்கள். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியின் குழலைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசையுங்கள். டிக் டிக் என்று ஆடினால் 7 தௌவில் ஒரு பகுதி கீலில் இருக்கிறது. அதை வாஷர் போட்டு மறைக்கக் கூடாது. தயாரிப்பாளருக்கோ சீரமைப்பவருக்கோ போக வேண்டிய வேலை அது.

கீல் உறுதியாக இருந்தால் மூன்று வழிகள் உண்டு. எளிதானது, வேறு தயாரிப்பு பிரைமர். எல்லாமே 209 என்று பெயர் போட்டிருந்தாலும் பிராண்டுக்குப் பிராண்டு நீளத்திலும் பருமனிலும் சில தௌ வேறுபாடு உண்டு. நான்கைந்து பிராண்டில் ஒவ்வொரு சிறு பெட்டி வாங்கி அளந்தால், விளிம்பு கனத்ததோ உடல் பருத்ததோ ஒன்று மாட்டும். ஆனால் சில ஐரோப்பியப் பிரைமர்கள் கொஞ்சம் கூடுதல் பருமன். அமுக்கி நுழைக்க வேண்டிய அளவு இறுகினால் வெடித்தபின் வெளியே வராது.

இரண்டாவது ஷிம், அதாவது மெல்லிய எஃகு வாஷர். சில பிளக்குகளுக்குப் பின்பக்கம் ஒரு தோள் இருக்கும், அது குழலின் பின்முகத்தில் வந்து முட்டி நிற்கும். அந்தத் தோளுக்கு அடியில் ஷிம் வைத்தால் பிளக் அதே அளவு பின்னால் தள்ளி நிற்கும், இடைவெளி குறையும். 7 தௌவுக்கு 5 தௌ ஷிம் வைத்து, மீதி 2 தௌவை விட்டுவிடுங்கள். பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால், அடுத்த பெட்டிப் பிரைமர் கொஞ்சம் கனமாக வந்த நாளன்று காட்டில் துப்பாக்கி மூடாது. எச்சரிக்கை: முன்முனையால் அடைக்கும் பிளக்குக்கு இந்த வைத்தியம் ஆகாது. பின்னால் தள்ளினால் முன்முனை தோளை விட்டு விலகி, வாயு மரைக்குள் பாயும். பின்பக்கக் கசிவை மூடி முன்பக்கக் கசிவை உண்டாக்கிய கதையாகிவிடும். உங்கள் பிளக் எந்த வகை என்று தெரியாவிட்டால் ஷிம் பக்கம் போகாதீர்கள்.

மூன்றாவது, புதிய பிளக். பல துப்பாக்கிகளுக்குத் தயாரிப்பாளரின் பிளக் தவிர, இறுக்கமான அளவில் கடைந்த தனிப் பிளக்குகளும் கிடைக்கின்றன. செலவு கூடுதல்தான். ஆனால் தேய்ந்த குழியை ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவதைவிட இதையே நாங்கள் சொல்வோம்.

ஓ-ரிங்குக்கு வருவோம். ஓ-ரிங்குக்கென்று பள்ளம் கடைந்த பிளக்கில், தயாரிப்பாளர் சொன்ன அளவில் போட்டால் நன்றாக வேலை செய்யும். அதை எட்டுப் பத்து முறை சுட்டதும் எடுத்துப் பார்த்து, கருகியிருந்தால் மாற்ற வேண்டும். பள்ளமே இல்லாத குழியின் அடியில் பொடி ரிங் ஒன்றைத் திணிப்பது நாட்டு வைத்தியம். ரப்பர் கருகித் துண்டானால் அந்தத் துணுக்கு தீக்குழாய்க்குள் போய் அடைக்கும். ரப்பர் மெத்தைபோல் அமுங்குவதால் முள்ளின் அடியும் பலவீனப்படும்.

கேள்வி: போன வருஷம் வரை கசிவே இல்லை. இந்த வருஷம் பிளக்கைக் கழற்றிப் பளபளவென்று சுத்தம் செய்தேன். முதல் குண்டிலேயே முகத்தில் கரி. சுத்தம் செய்தது தப்பா? (பென்சில்வேனியா)

சுத்தம் தப்பில்லை. இடைவெளி முன்பே இருந்தது. குழிக்குள் படிந்து இறுகிய கரி அதை நிரப்பி அடைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் அந்த அடைப்பை எடுத்துவிட்டீர்கள்.

கரியை நம்பி விட்டுவைக்கலாமா என்றால், கூடாது. அது ஒரே அளவில் நிற்காது. ஒருநாள் பிரைமர் உள்ளே போகாமல் துருத்தி நிற்கும், அப்போது மூடக் கை அமுக்கும். டேப் சோதனையைச் சுத்தமான குழியில் செய்து, மேலே சொன்ன வழிகளில் ஒன்றில் சரிசெய்யுங்கள். இன்னொன்றும் பாருங்கள்: திரும்பப் பூட்டும்போது பிளக்கை முன்பைவிட ஆழமாகத் திருகினீர்களா? முன்பு மரையில் கரி இருந்ததால் அது முழுதாகப் போகாமல் நின்றிருக்கலாம். இப்போது சரியான இடத்துக்குப் போய், உண்மையான இடைவெளி வெளிப்பட்டிருக்கும்.

கேள்வி: தீத்துளை தேயும் என்கிறார்கள். எத்தனை குண்டுக்கு ஒருமுறை பிளக்கை மாற்ற வேண்டும்? (இந்தியானா)

எண்ணிக்கை சொல்ல முடியாது. குறைந்த மருந்தில் சுடுபவருக்குப் பல வருஷம் வரும், எப்போதும் உச்ச அளவில் சுடுபவருக்குச் சீக்கிரம் போய்விடும். அளந்து பார்ப்பதுதான் வழி.

புதிய பிளக்கில் தீத்துளை பொதுவாக 28 முதல் 32 தௌ. வெப்ப வாயு ஒவ்வொரு முறையும் அதை அரித்துப் பெரிதாக்குகிறது. விட்டம் 30இலிருந்து 35 ஆனால் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். 40 ஆனால் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. அவ்வளவு கூடுதல் வாயு பிரைமரின் முகத்தில் வந்து அடிக்கும்போது, இடைவெளி 1 தௌவாக இருந்தாலும் கசியத்தான் செய்யும். எங்கள் கணக்கு: 35 தௌ தொட்டதும் புதிய பிளக் வாங்கி வைத்துவிடுங்கள். 40 வரை ஓட்ட வேண்டாம். சில பிளக்குகளில் துளையுள்ள சிறு மரைத்துண்டை மட்டும் மாற்றலாம். அது மலிவு.

அளக்க எண் போட்ட பொடி டிரில் பிட்டுகள் போதும். 68ஆம் எண் 31 தௌ, 65 என்பது 35, 60 என்பது 40. வெட்டும் முனையை நுழைக்காமல் பின்பக்கத் தண்டை நுழைத்துப் பாருங்கள். 68 போய் 65 நின்றால் நிம்மதி. 65 வழுக்கிக்கொண்டு போனால் பிளக்குக்கு ஆர்டர் போடலாம். துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்திருந்தால் அளவு எதுவானாலும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஃபெடரல் 209ஏ அதிகச் சூடு, அதனால்தான் பின்னால் அடிக்கிறது, மிதமான பிரைமருக்கு மாறினால் நின்றுவிடும் என்று நண்பர் சொல்கிறார். நான் பிளாக்ஹார்ன் 209 மருந்து போடுகிறேன். (மிசௌரி)

நண்பர் சொல்வதில் பாதி சரி. மிதமான பிரைமரில் கரி கொஞ்சம் குறையும். ஆனால் பின்னால் வருவதில் பெரும்பகுதி பிரைமரின் வாயு அல்ல, கெட்டித்த மருந்தின் வாயு. இடைவெளி அப்படியே இருக்கும்போது பிரைமரை மாற்றுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது மாதிரி.

அதோடு உங்கள் மருந்துக்கு மிதமான பிரைமர் பொருந்தாது. 2008இல் வந்த பிளாக்ஹார்ன் 209 பற்றவைக்கக் கொஞ்சம் அடம்பிடிக்கும். அதற்குச் சிசிஐ 209எம், ஃபெடரல் 209ஏ போன்ற வலுவான ஷாட்கன் பிரைமர்தான் வேண்டும். வாய்வழித் துப்பாக்கிக்கென்று தனியாக விற்கும் மிதமான பிரைமர்களைப் போட்டால் தீ தாமதமாகப் பிடிக்கும், சில சமயம் பிடிக்காது.

மிதமான பிரைமரின் இடம் டிரிபிள் செவன். அந்த மருந்தில் சூடான பிரைமர் போட்டால், குழலுக்குள் மருந்து முடிந்து குண்டு தொடங்கும் இடத்தில் கல் மாதிரி ஒரு கரி வளையம் படியும். அடுத்த குண்டு அதில் முட்டி நின்று, மருந்தைத் தொடாமல் இடைவெளி விட்டுவிட்டால் குழலே புடைக்கும் ஆபத்து. மென்மையான பிரைமரில் அந்த வளையம் வெகுவாகக் குறைகிறது. எந்த மருந்தானாலும் கெட்டிக்கும் கம்பியில், சரியாகக் கெட்டித்த நிலைக்கு ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு வாய்க்கு மேலே நின்றால் சுடக் கூடாது.

மருந்தின் அளவைக் கூட்டியும் கசிவை வரவழைக்கிறார்கள். மருந்தை அளக்கும் அலகு கிரெய்ன். பிளாக்ஹார்னுக்குக் கொள்ளளவில் 120 கிரெய்ன்தான் உச்சம். எடையில் அது சுமார் 84 கிரெய்ன். கொள்ளளவுக் கணக்கையும் எடைக் கணக்கையும் குழப்பித் தராசில் 120 நிறுத்துப் போட்டால் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் மருந்து உள்ளே போயிருக்கும். மானுக்கு 100 கிரெய்ன் கொள்ளளவு, அதாவது எடையில் சுமார் 70, தாராளம். மூன்று 50 கிரெய்ன் பெல்லட் போட்டு 150 கெட்டிப்பவர்கள் தோளுக்கும் பிளக்குக்கும்தான் அதிகம் வேலை கொடுக்கிறார்கள்.

புகையில்லா மருந்து, அதாவது சாதாரண ரைஃபிள் தோட்டாவிலுள்ளது, அதற்கென்றே வடிவமைத்த மிகச் சில மாடல்களைத் தவிர வேறு எந்த வாய்வழித் துப்பாக்கியிலும் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அங்கே கசிவைப் பற்றிப் பேசவே குழல் மிஞ்சாது.

கேள்வி: பிளக்கை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும்? வெந்நீரில் ஊறப்போட்டும் கரி போகவில்லை. (அயோவா)

நீங்கள் போட்டது எந்த மருந்து என்று எழுதவில்லை. கருமருந்து, பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் என்றால் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். பிளாக்ஹார்ன் என்றால் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அதில் நைட்ரோசெல்லுலோஸ் இருப்பதால், நவீன ரைஃபிள்களுக்கான கரைப்பான்தான் வேண்டும்.

எந்தக் கரைப்பானும் தொடாத ஒன்று உண்டு, தீக்குழாய்க்குள் இறுகிய கரி. அது சுவரில் ஏடு ஏடாகப் படிந்து பாதையைக் குறுக்கும், தீ பிடிப்பது தாமதமாகும். அந்தப் பாதையின் விட்டம் பல பிளக்குகளில் 1/8 அங்குலம். அதே அளவு டிரில் பிட்டை விரலால் பிடித்து, மெஷினில் மாட்டாமல், மெதுவாகத் திருப்பிக் கரியைச் சுரண்டி எடுங்கள். கறுப்புத் தூள் வரும்வரை சரி. வெள்ளிச் சுருள் வந்தால் உலோகத்தை வெட்டுகிறீர்கள், நிறுத்துங்கள். முன்னே தீத்துளை இருக்கும் இடத்தில் பிட்டின் முனை கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீத்துளைக்குள் விடுவது துளையைவிடச் சற்றுச் சிறிய பிட்டாகவோ மெல்லிய கம்பியாகவோ இருக்கட்டும். சரியளவு பிட்டைப் போட்டுத் திருப்பினால், அரிப்பு செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்துவிடுவீர்கள்.

பிரைமர் குழியைப் பருத்தி சுற்றிய குச்சியாலும் பித்தளைத் தூரிகையாலும் தேய்த்தால் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். ஒரு தௌ தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

பூட்டும்போது மரையில் மட்டும், அது சிக்கி இறுகாமல் தடுக்கும் கிரீஸ் தடவுங்கள், அல்லது குழாய் மரைக்குப் போடும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். முன்முகத்திலும் தீக்குழாயிலும் கிரீஸ் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. கையால் திருகும் வகைப் பிளக்கைக் கையால் மட்டும் இறுக்குங்கள். மற்றவற்றுக்கு அதற்கான சாவியில் ஒரு சிறு அழுத்தம். பிரீச் முகத்தில் முள் வெளிவரும் துளையைக் கரைப்பான் தொட்ட குச்சியால் துடைத்து உலரவிடுங்கள். எண்ணெய் பூசிவிட்டால் அது அடுத்த கரியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

சுடுவதற்கு முன் கடைசியாக ஒன்று: கெட்டிக்கும் கம்பியின் முனையில் உலர்ந்த துணித்துண்டை மாட்டி, பிளக்கைத் தொடும் வரை உள்ளே விட்டு, பின் ஒரு விரல் அளவு மேலே இழுத்துவிடுங்கள். குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி, கம்பியின் நேரே யாரும் இல்லாமல், பிரைமரை மட்டும் சுடுங்கள். துணியில் நடுவே கருகிய புள்ளி விழுந்தால் பாதை திறந்திருக்கிறது. பிறகு கம்பியை எடுத்துவிட்டுக் கெட்டியுங்கள்.

கேள்வி: டிக் என்று சத்தம் மட்டும் கேட்டது, வெடிக்கவில்லை. உடனே திறந்து பார்த்தேன். தப்பா? (கென்டக்கி)

பெரிய தப்பு. தீ தாமதமாகப் பிடிக்கும் நேரத்தில் திறந்திருந்தால் பிரைமர் உங்கள் முகத்தை நோக்கிப் பறந்திருக்கும், பின்னாலேயே தீயும். வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே நீட்டி, முகத்தைப் பின்னால் விலக்கி, குறைந்தது ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். இரண்டு நிமிடம் என்றால் இன்னும் நல்லது. பிறகு திறந்து பழைய பிரைமரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இரண்டாவதும் வெடிக்காவிட்டால், மருந்துக்கு ஈரம் பட்டிருக்கிறது அல்லது தீக்குழாய் அடைத்திருக்கிறது. பல மடக்குத் துப்பாக்கிகளில் பிரைமரை எடுத்தபின் பிளக்கைக் கழற்றி, மருந்தையும் குண்டையும் பின்வழியாகத் தள்ளி எடுத்துவிடலாம்.

கேள்வி: நான் தேனி மாவட்டம். இந்த நவீன வகையை இங்கே வாங்க முடியுமா?

இந்தியாவில் வாய்வழித் துப்பாக்கியும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருவதுதான், உரிமம் வேண்டும். வேட்டையை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் கருமருந்துக்கென்று செய்த பெரும்பாலான வாய்வழித் துப்பாக்கிகளைப் பழங்கால ஆயுதமாக வகைப்படுத்தியிருப்பதால், பல மாநிலங்களில் சுலபமாகக் கிடைக்கிறது. அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அங்கே பார்த்ததை இங்கே தேடாதீர்கள்.

கேள்வி: கசிவே இல்லாத மாடல் என்று ஏதாவது உண்டா? புதிதாக வாங்கப் போகிறேன். (டென்னசி)

209ஐக் கைவிட்ட மாடல்கள் இந்த விஷயத்தில் முன்னே நிற்கின்றன. 2014இல் ரெமிங்டன் கொண்டுவந்த 700 அல்டிமேட், நீளம் குறைத்த பித்தளைத் தோட்டா உறையில் பெரிய ரைஃபிள் பிரைமரை ஏற்றிப் பயன்படுத்தியது. பித்தளை விரிந்து அடைப்பதால் பின்பக்கம் சுத்தமாக இருக்கும். சிவிஏ நிறுவனத்தின் பாரமௌண்ட்டும் இதே யோசனைதான். சிறு பித்தளைக் கூட்டுக்குள் பெரிய ரைஃபிள் பிரைமர். ஒவ்வொரு கூட்டையும் பலமுறை பயன்படுத்தலாம், ஆனால் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துப் புதியதை அமுக்கும் சிறு கருவி கையில் இருக்க வேண்டும். பிளாக்ஹார்ன் போன்ற மருந்தைப் பெரிய அளவில் போட்டு 200 கஜத்துக்கு மேல் சுடுபவருக்கு இவை பொருத்தம்.

100 கஜத்துக்குள் மான் சுடுபவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. நல்ல 209 துப்பாக்கியைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். கடைக்காரரிடம் கேட்டு, வெடித்த பிரைமரையும் டேப் சுருளையும் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கியை மூடிப் பார்த்தால்கூட 3, 4 தௌ வித்தியாசம் தெரியலாம். இறுக்கமாக மூடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு உபரி பிளக்கையும் அன்றே வாங்கிவிடுங்கள். மாடல் நிறுத்தப்பட்ட பிறகு பிளக் தேடி அலைவது கொடுமை.